கூமுட்டை இன்ஜினீயர்!

ஒரு முட்டையை எடுத்துக் காதுல வெச்சுக் கேட்டிருக்கீங்களா?

சிரிக்காதீங்க பாஸ், நிஜமாத்தான் கேட்கறேன். மெஸ்ல ஆம்லெட்டுக்கு உடைக்கிற முட்டை இல்லை. இருபது நாள் அடையில இருந்த முட்டை. ராத்திரி ஊரடங்கின நேரத்துல காதோட ஒட்டி வெச்சா, உள்ளேயிருந்து மெல்லிசா 'கீச்'னு ஒரு குரல் வரும். ஓடு இன்னும் விரியலை, உலகத்தைக் கண்ணால பார்த்ததில்லை... ஆனா, பேச ஆரம்பிச்சுடும்! மேலே படுத்திருக்கிற தாய்க்கோழியும் அடித்தொண்டையில 'க்ளக்... க்ளக்...'னு பதில் கொடுக்கும்.

அந்தக் குரலை முதல்முதலா கேட்ட ராத்திரி நான் குதிச்ச குதி இருக்கே... அப்படி ஒரு குதி! அடுத்த சில நாள்ல 38 முட்டையைக் கொல்லையில குழி தோண்டிப் புதைச்சேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். 'வீட்டுக் கொல்லையில ஏதாவது செஞ்சு பார்க்கணும்'னு கை துறுதுறுங்கிறவங்க எல்லாரும் வாங்க. முக்கியமா, என்னை மாதிரி நாலு செமஸ்டர் முடிச்சதும் 'ஒரு கோழிக்குத் தெரியாததா நமக்குத் தெரியாமப் போயிடும்'னு நினைக்கிற ஆளுங்க முன்வரிசைக்கு வாங்க.

40 சென்ட் லேப்!

மேலூர் பக்கம் ஒரு கிராமம்தான் எங்க ஊர். கால்வாய்ல தண்ணி வந்தா நெல்லு, வராட்டி வானத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற பூமி. அப்பாவுக்கு மதுரையில வேலை, நான் ஹாஸ்டல். ஊர்ல இருக்கிறது அப்பத்தா மட்டும்தான். வீட்டை ஒட்டி 40 சென்ட் கொல்லை. அதுல ஒரு பசு, நாலு வெள்ளாடு, காலையில ஒரு எண்ணிக்கையும் சாயங்காலம் ஒரு எண்ணிக்கையுமா இருக்கிற சிறுவிடைக் கோழிகள். லீவு விட்டா அதுதான் என்னோட லேப். அப்பத்தா என்னைத் தடுத்ததே இல்லை. "உடைச்சா ஒட்ட வெச்சிரணும்"ங்கிற ஒரே ஒரு கண்டிஷன் மட்டும்தான்.

உடைச்சது நிறைய. முதல் புராஜெக்ட் ஆட்டுக்குப் பரண். தரையில ஈரத்துல படுத்தா குளம்பு புண்ணாகும், சளி பிடிக்கும். அதனால மூணடி உயரத்துல பலகைகளை இடைவெளி விட்டு அடிச்சு, புழுக்கையெல்லாம் கீழே விழற மாதிரி ஒரு மேடை. ஐடியா சூப்பர். ஆனா, பலகைக்கு நடுவுல நான் விட்ட இடைவெளி ஒரு இஞ்ச். பெரிய ஆடுங்க ஜம்முனு நின்னுச்சு. பிறந்து நாலே நாளான குட்டியோட கால் உள்ளே போய் மாட்டிக்கிச்சு. அது கத்தின கத்தல் இன்னிக்கும் காதுல இருக்கு. நல்லவேளை, எலும்பு முறியலை. அரை இஞ்ச் போதும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. எல்லாப் பலகையையும் பிடுங்கித் திரும்ப அடிச்சேன்.

அடுத்தது கோழிக்கூண்டு. கடையில 'கோழி வலை'ன்னு கேட்டா, அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசான கம்பி வலை ஒண்ணு கொடுப்பாங்க. பேரை நம்பி வாங்கினேன். அது கோழியை உள்ளே வெச்சிருக்கும், அவ்வளவுதான். கீரியை வெளியே நிறுத்தாது! ஒரே ராத்திரியில மூணு கோழி காலி. அரை இஞ்ச் சதுர ஓட்டையோட வர்ற கெட்டியான வெல்டு மெஷ்தான் வாங்கணும். அதையும் தரையோட நிறுத்தினா கீரி மண்ணைத் தோண்டி வந்துடும். கீழே ஒரு அடி மடக்கிப் புதைக்கணும். மூணு கோழி விலையில நான் கத்துக்கிட்டது, உங்களுக்கு ஃப்ரீ!

அசோலாத் தொட்டியும் போட்டேன். இது சுலபம். ஆறுக்கு மூணடியில செங்கல் அடுக்கி, தார்ப்பாய் விரிச்சு, சலிச்ச மண்ணு, ரெண்டு கிலோ சாணி, ஒரு சாண் தண்ணி. மேலே ஒரு கை அசோலாவைத் தூவிட்டு நிழல் பார்த்துக்கிட்டாப் போதும், ரெண்டு வாரத்துல பச்சைப் போர்வை போர்த்தின மாதிரி ஆகிடும். கோழிங்க பறந்து வந்து கொத்தும். ஆனா, 'தீவனச் செலவே கிடையாது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அசோலாவுல பெரும்பகுதி தண்ணி. ஒரு கிலோவை அள்ளிக் காயவெச்சுப் பாருங்க... கையில நிக்கிறது 50, 60 கிராம்தான். புரதம் நிறைய இருக்கிற நல்ல சைடு டிஷ். மெயின் சாப்பாடு இல்லை.

இப்படியே போய்க்கிட்டிருந்தவன் கண்ணுல அடைக்கோழி பட்டுச்சு.

கணக்குப் போட்டேன்... தப்பாப் போட்டேன்!

சிறுவிடைக் கோழி பன்னெண்டு, பதினஞ்சு முட்டை இடும். அப்புறம் அடைக்கு உட்கார்ந்துடும். பஞ்சாரத்தைக் கவுத்து 21 நாள். குஞ்சு பொரிச்சதும் ரெண்டு, மூணு மாசம் அதுங்களைக் கூட்டிக்கிட்டே திரியும். அதுவரைக்கும் முட்டை கிடையாது. வருஷத்துக்கு மூணு, நாலு ஈடுதான். 'பொரிக்கிற வேலையை மெஷின் எடுத்துக்கிட்டா, கோழி முட்டை போடற வேலையை மட்டும் பார்க்கும்ல?' தர்க்கம் பக்காவா இருந்துச்சு.

2025 மே மாசம், நாலாவது செமஸ்டர் லீவு. மீன் பார்சல் வர்ற தெர்மகோல் பெட்டி ஒண்ணு, 40 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு, ஒரு அர்டினோ போர்டு, டி.எச்.டி-11னு ஒரு சென்சார், ஒரு ரிலே. (குண்டு பல்பு தேடி மூணு கடை ஏறினேன். எல்லாரும் எல்.இ.டி-க்கு மாறிட்டாங்க. எல்.இ.டி. போட்டா வெளிச்சம் வரும், குஞ்சு வராது. நமக்கு வேண்டியது, மத்தவங்க 'வேஸ்ட்'னு சொல்ற அந்தச் சூடுதான்!) சூடு 37.6 டிகிரிக்கு மேல போனா பல்பு அணையும், குறைஞ்சா எரியும். நானே எழுதின புரோகிராம். சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவை 'டிக்'னு ரிலே அடிச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு.

முட்டை? அப்பத்தா ரெண்டு வாரமா விக்காம சேர்த்து வெச்சது 22. நாட்டுக்கோழி முட்டை, கடையில கொடுத்தா ஒண்ணு 15 ரூபா போகும். அதான் அவங்க வெத்தலைக் காசு, பஸ் காசு, எனக்குத் தெரியாம என் பையில வெச்சு அனுப்புற காசு எல்லாம். இன்னும் 18 முட்டை எதிர்வீட்டு அத்தை கொடுத்தது. சும்மா இல்லை, வாரத்துக்கு. பொரிக்கிறதுல பாதி அவங்களுக்கு. "மருமகன் காலேஜ்ல படிக்கிற புள்ள, தப்பா செய்யுமா?"ன்னு சொல்லித்தான் முறத்துல வெச்சு நீட்டினாங்க.

ஆக, 40 முட்டை. அதே நாள்ல அப்பத்தாவும் ஒரு செங்காட்டுக் கலர் கோழியை அடைக்கு வெச்சாங்க. பழைய கூடையில மணல், மேலே வைக்கோல், 12 முட்டை. ஓரத்துல ஒரு கரித்துண்டு, ஒரு துருப்பிடிச்ச ஆணி, ரெண்டு வரமிளகாய். இடி இடிச்சா முட்டை கெட்டுப் போகாம இருக்கவாம்! நான் போட்டோ எடுத்து 'டெக்னாலஜி வெர்சஸ் மிளகாய்'னு நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அஞ்சாம் நாள். அப்பத்தா வந்து எட்டிப் பார்த்தாங்க. கோழிக்கு அடியில கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி இமை மேல வெச்சாங்க. அப்புறம் என் பெட்டியில ஒண்ணை எடுத்து அதே மாதிரி வெச்சாங்க.

"ஏய்யா... இது காய்ச்ச வந்த புள்ள கணக்கால்ல இருக்கு. கொஞ்சம் ஆத்தி வையி."

"அப்பத்தா, 37.6 டிகிரி. அங்கே பாருங்க, எழுதியிருக்குல்ல?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா. சூடு தெரியும்."

நான் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க. திரும்ப வந்து வாதாடலை. இந்தக் கதையில நான் வெட்கப்படற இடம்னு ஒண்ணு சொல்லச் சொன்னா, இதைத்தான் சொல்லுவேன். புதைச்ச நாளை இல்லை.

19-ம் நாள் ராத்திரி, பெட்டிக்குள்ள ஒரு முட்டையில விரிசல்! எடுத்துக் காதுல வெச்சேன்... 'கீச்!' ரெண்டு நாள் முன்னாடியே! கோழியை ஜெயிச்சுட்டோம்டானு கத்தினேன். நண்பர்களுக்கு வீடியோ கால். மூடியைத் திறக்கறது, காட்டறது, மூடறது... ராத்திரி முழுக்க இதே வேலை. விடியும்போது ஒரு குஞ்சு வெளியே வந்துச்சு. தொப்புள் மூடாம, வயிறு உப்பி, கால் அகண்டு, நிக்கவே முடியலை. மதியம் இன்னொண்ணு. அதோட சரி. விரிசல் விட்ட மத்த முட்டையெல்லாம் அப்படியே நின்னுபோச்சு. கீச் சத்தம் ஒவ்வொண்ணா அடங்கிச்சு.

21-ம் நாள் காலையில, அப்பத்தாவோட கோழிக்குக் கீழே பதினோரு குஞ்சு. பன்னெண்டுல பதினொண்ணு.

உடைச்சுப் பார்த்தேன்!

நம்ம ஊர்ல பொரிக்காத முட்டைக்குப் பேரு கூமுட்டை. கிளாஸ்ல ஒருத்தனைத் திட்டறதுக்கும் அதே வார்த்தைதான். எனக்கு அன்னிக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்திச்சு. ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல எனக்குப் புதுப் பேரு வந்தது அப்படித்தான்.

நாலு நாள் காத்திருந்தும் ஒண்ணும் அசையலை. குழி தோண்டிட்டு, புதைக்கறதுக்கு முன்னாடி 38-ஐயும் ஒவ்வொண்ணா உடைச்சேன். நாத்தம் தாங்க முடியாது. ஆனா, புரோகிராம் ஓடலைன்னா எர்ரர் எங்கேன்னு பார்ப்போம்ல... இதுவும் அப்படித்தான். ஆறு முட்டையில கருவே இல்லை, வெறும் மஞ்சக்கரு. 11-ல ஒரு ரத்த வளையம் மட்டும். முதல் வாரத்துலேயே செத்துப்போனது. மீதி 21-ல முழுக் குஞ்சு. ரோமம், நகம், அலகு நுனியில ஓட்டைக் குத்துற அந்தச் சின்ன வெள்ளைப் பல்லு... எல்லாம் இருந்துச்சு. உயிரைத் தவிர.

முதல் ஆறுக்கு நான் பொறுப்பில்லை, சேவல் பொறுப்பு. (கடையில வாங்கற பண்ணை முட்டையை அடை வெச்சுப் பார்க்கலாமானு கேட்கறவங்களுக்கு: முட்டைப் பண்ணையில சேவலே கிடையாது. நூறு நாள் வெச்சாலும் வராது.) மத்த 32-ம் என் கணக்குலதான் வரும். ஏன்னு பிடிக்க ஒரு வாரம் ஆச்சு.

சென்சாரோட டேட்டா ஷீட்டை அப்போதான் முழுசாப் படிச்சேன். டி.எச்.டி-11 காட்டற வெப்பம் ரெண்டு டிகிரி வரைக்கும் கூடவோ, குறையவோ இருக்கலாம்னு அதுலேயே போட்டிருக்கு! ரூம் சூடு பார்க்க அது போதும். முட்டைக்கு அரை டிகிரியே பெரிய விஷயம். சரி, நிஜச் சூடு என்னன்னு எப்படிப் பார்க்கறது? விடை எங்க வீட்டு அலமாரியிலேயே இருந்துச்சு. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர்! மனுஷக் காய்ச்சலும் முட்டை அடையும் கிட்டத்தட்ட ஒரே டிகிரிக்குள்ளதான் இருக்கு. அந்த இடத்துல துல்லியமாக் காட்டறதுக்குன்னே செஞ்ச கருவி அது. டிஸ்ப்ளேல 37.6 ஓடறப்போ உள்ளே வெச்சுப் பார்த்தேன். 102.4 ஃபாரன்ஹீட். அதாவது 39.1 டிகிரி.

அப்பத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சா? காய்ச்ச வந்த புள்ள. 102 டிகிரி காய்ச்சல்!

ரெண்டு நாள் முன்னாடியே பொரிச்சதுக்கு நான் பெருமைப்பட்டேனே... சூடு அதிகமானாத்தான் சீக்கிரம் பொரிக்கும். குறைஞ்சா தள்ளிப் போகும். 'சீக்கிரம்'ங்கிறதே ஒரு அபாயச் சங்கு. அந்தச் சங்கு ஊதறப்போ நான் டான்ஸ் ஆடிக்கிட்டிருந்தேன்.

அடுத்த தப்பு, காத்து. சூடு வீணாகக் கூடாதுன்னு பெட்டியோட ஓட்டைகளை டேப் போட்டு அடைச்சிருந்தேன். முட்டை ஓடு முழுக்க கண்ணுக்குத் தெரியாத துளைகள், அது வழியா குஞ்சு மூச்சு விடுது. கடைசி நாட்கள்ல ஆக்ஸிஜன் அதிகமா வேணும். அதை நான் அடைச்சு வெச்சேன். மூணாவது தப்பு அந்த வீடியோ கால். பொரிக்கிற நேரத்துல பெட்டிக்குள்ள ஈரம் நிறைய இருக்கணும். மூடியைத் திறந்தா குப்புனு வெளியே போயிடும். உள்ளே இருக்கிற வெள்ளைச் சவ்வு காய்ஞ்சு, குஞ்சு மேல பிளாஸ்டிக் கவர் மாதிரி இறுகிடும். அதால திரும்பவே முடியாது. மூடியை நான் எத்தனை தடவை திறந்தேன்னு எண்ணிப் பார்க்க மனசு வரலை.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவங்க திட்டலை. "விடு மருமகனே, கோழிக்கும் சமயத்துல இப்படி ஆகும்"னாங்க. பன்னெண்டுல பதினொண்ணு பொரிச்ச கோழி எதிர்த்தாப்லயே மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. 18 முட்டைக்கு 270 ரூபா எடுத்து நீட்டினேன். வாங்கலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

ரெண்டாவது ஆட்டம்!

அதுக்கப்புறம் நான் செஞ்ச முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு அடைக்கோழி பக்கத்துல உட்கார்ந்ததுதான். கோழி சும்மா படுத்திருக்கும்னு நினைச்சா நீங்களும் கூமுட்டைதான்! அலகால முட்டையை உருட்டிக்கிட்டே இருக்கு. ஓரத்துல இருக்கிறதை நடுவுக்கும், நடுவுல இருக்கிறதை ஓரத்துக்கும் மாத்துது. உருட்டலைன்னா கரு ஒரு பக்கமா ஓட்டோட ஒட்டிக்கும். தினமும் ஒரு தடவை எழுந்து இருபது நிமிஷம் தண்ணி குடிச்சு, இரை எடுத்து, மண்ணுல புரண்டு குளிச்சுட்டு வருது. அந்த நேரம் முட்டை ஆறுது. ஒண்ணும் ஆகறதில்லை! கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கிக்கும், அதிகச் சூட்டைத்தான் தாங்காது. நான் பயந்ததெல்லாம் தலைகீழா இருந்துச்சு.

லைப்ரரியில படிச்சப்போ இன்னொண்ணு கிடைச்சது. எகிப்துல ஆயிரக்கணக்கான வருஷமா மண்ணுல அடுப்பு மாதிரி பெரிய கூடம் கட்டி, கோழியே இல்லாம முட்டை பொரிக்கறாங்க. தெர்மாமீட்டர் கிடையாது. சூடு எப்படிப் பார்ப்பாங்க தெரியுமா? முட்டையை எடுத்து மூடின கண் இமை மேல வெச்சு! அப்பத்தாகிட்ட சொன்னேன். "அந்த ஊர்லயும் வெவரமான பொம்பளைங்க இருக்காக போல"ன்னாங்க.

ஆகஸ்ட்ல ரெண்டாவது பெட்டி. இந்தத் தடவை மரப் பெட்டி. பல்பு பக்கத்துல தெர்மகோல் உருகி நாறினதை முன்னாடி சொல்லலை, மன்னிச்சிடுங்க. 40 வாட்ஸ் பல்பு ரெண்டு, ஒண்ணு ஃபியூஸானா இன்னொண்ணு காப்பாத்தும். பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின ஃபேன், மூலைக்கு மூலை ஒரே சூடு இருக்க. சென்சாரை மாத்தி, காய்ச்சல் தெர்மாமீட்டரோட ஒத்துப் பார்த்து செட் பண்ணினேன். ஃபேன் ஓடற பெட்டிக்கு 37.5. ஃபேன் இல்லாத பெட்டின்னா கணக்கு வேற, முட்டையோட உச்சியில ஒரு டிகிரி கூடவே இருக்கணும்.

ஈரம் காட்டற மீட்டரை நம்பலாமா? அதுக்கும் ஒரு சமையல்கட்டு டெக்னிக் இருக்கு. பாட்டில் மூடியில கொஞ்சம் கல்லுப்பு, சேறு பதத்துக்குத் தண்ணி. மீட்டரையும் அதையும் ஒரு டப்பாவுக்குள்ள வெச்சு ஒரு ராத்திரி இறுக்கி மூடி வைங்க. காலையில 75 சதவிகிதம் காட்டணும். என்னோடது 69 காட்டிச்சு. ஆறைக் கூட்டிக்கிட்டேன், அவ்வளவுதான். முதல் 18 நாள் 50-ல இருந்து 55, கடைசி மூணு நாள் 65-க்கு மேல. கிண்ணத்துல தண்ணி வெச்சே இதைச் சமாளிக்கலாம். இன்னும் நம்பிக்கையான வழி தராசு. முட்டை ஒவ்வொரு நாளும் ஈரத்தை இழந்து எடை குறையும். 18-ம் நாள்ல எட்டுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தா சரியான பாதை. 40 கிராம் முட்டை 35 ஆகியிருக்கணும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சீரியஸாச் சொல்லிக்கறேன். ஒரே பெட்டிக்குள்ள 230 வோல்ட்டும் தண்ணிக் கிண்ணமும் இருக்கு. ஆர்.சி.சி.பி. இல்லாத லைன்ல தயவுசெஞ்சு செய்யாதீங்க. முட்டை போனா வாங்கலாம்.

30 முட்டை வெச்சேன். எல்லாமே காசு கொடுத்து வாங்கினது, அத்தைகிட்டயும் சேர்த்து. சிக்கல் என்னன்னா, காலேஜ் திறந்தாச்சு. நான் சனி, ஞாயிறுதான் வர முடியும். யாரு உருட்டறது? ஒவ்வொரு முட்டையிலும் பென்சில்ல ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டேன். "காலையில, மதியம், ராத்திரி மூணு தடவை திருப்பணும் அப்பத்தா. நாலு தடவை திருப்பிடாதீங்க." ஒத்தைப் படையில திருப்பினாத்தான் நீளமான ராத்திரிப் பொழுதுல தினமும் ஒரே பக்கம் மேலே இருக்காது. இதை விளக்க ஆரம்பிச்சேன். "சாப்பாட்டு வேளைக்கு ஒரு தடவ. அம்புட்டுத்தானே?"ன்னு முடிச்சுட்டாங்க.

ஏழாம் நாள் ராத்திரி, இருட்டுல செல்போன் டார்ச் மேல முட்டையை வெச்சுப் பார்த்தோம். சிவப்பு வெளிச்சத்துக்குள்ள சிலந்திக் கால் மாதிரி ரத்த நாளம், நடுவுல துடிக்கிற ஒரு புள்ளி. அப்பத்தா எழுபது வருஷமாக் கோழி வளர்க்கறவங்க. முட்டைக்குள்ள அவங்க பார்த்தது அதுதான் முதல் தடவையாம். ரொம்ப நேரம் டார்ச்சை அணைக்க விடலை. நாலு முட்டை வெறுமையா இருந்துச்சு, எடுத்துட்டோம். மீதி 26.

13-ம் நாள் எனக்கு இன்டர்னல் டெஸ்ட். மதியம் போன். ஊர்ல டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சு கரன்ட் போயிடுச்சு. எப்போ வரும்னு தெரியாது. என் கையில ஓடலை. அப்பத்தா சாவகாசமாச் சொன்னாங்க... "பழைய சீலையை நாலா மடிச்சுப் பொட்டி மேல போத்திட்டேன். பாட்டில்ல வெந்நி ஊத்தித் துணி சுத்தி உள்ள வெச்சிருக்கேன். நீ பரிச்சையை எழுது." அஞ்சு மணி நேரம் கழிச்சுத்தான் கரன்ட் வந்துச்சு. இடையில நாலு தடவை வெந்நீர் மாத்தியிருக்காங்க, இமையில வெச்சுப் பார்த்துப் பார்த்து.

18-ம் நாள் சனிக்கிழமை. உருட்டறதை நிறுத்தி, தண்ணிக் கிண்ணத்தைக் கூட்டி, மூடியைப் போட்டேன். அப்போதான் பார்த்தேன், பெட்டி மூலையில ஒரு கரித்துண்டு. அப்பத்தா எப்போ வெச்சாங்களோ! இடியில எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா, எடுக்கலை.

திங்கட்கிழமை காலேஜுக்குப் போகலை. (அட்டெண்டன்ஸ் பார்க்கிறவங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடுங்க.) 20-ம் நாள் ராத்திரி கீச் சத்தம். பெட்டி மேல காதை வெச்சுக் கேட்டேன், திறக்கலை. 21-ம் நாள் விடியக்காலையில முதல் குஞ்சு. கண்ணாடி வழியாப் பார்த்தோம், திறக்கலை. மதியம் பதினாலு. நண்பர்கள் வீடியோ கால், எடுக்கலை! பொரிச்ச குஞ்சு வயித்துக்குள்ள மஞ்சக்கருவை இழுத்து வெச்சிருக்கும். ரெண்டு நாளைக்கு இரையே வேணாம், அவசரமே இல்லை. 22-ம் நாள் காலையில திறந்தப்போ 21 பஞ்சு உருண்டை.

இருபத்தாறுல 21. கோழியைவிடக் குறைவுதான், ஒத்துக்கறேன்.

வளர்க்கறதுக்குத் தனியா ஒரு பல்புக் கூண்டு செய்ய பிளான் வெச்சிருந்தேன். அப்பத்தா வேணாம்னுட்டாங்க. அன்னிக்கு ரெண்டு கோழி அடையில இருந்துச்சு. ராத்திரி நல்லா இருட்டினதும், ஆளுக்குப் பத்து, பதினொண்ணுன்னு குஞ்சுகளை மெதுவா அதுங்க இறக்கைக்கு அடியில தள்ளி விட்டாங்க. பகல்ல செஞ்சா கொத்திடுமாம். காலையில ரெண்டு கோழியும் 'நான் பெத்த செல்லங்களே'ங்கிற மாதிரி முற்றத்துல குப்பையைக் கிளறிக்கிட்டிருந்துச்சு. என் பிளான்ல இருந்ததைவிட இது நல்ல டிசைன். மின்சாரச் செலவே இல்லை. பருந்து வந்தா பல்பு கத்தாது, கோழி கத்தும்.

ஏழாம் நாள் தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல் வந்தா கொல்லையே சுத்தமாகிடும், சின்ன வயசுல பார்த்திருக்கேன். கண்ணுல ஒரு சொட்டு விட்டாப் போதும். ஆனா, ஒரு குப்பியில 100 கோழிக்கான மருந்து இருக்கு. ஐஸ் போட்ட பிளாஸ்க்குல கொண்டுவரணும், கலக்கின ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும். எங்ககிட்ட இருந்தது 21. அதனால தெரு முழுக்கச் சொல்லி விட்டோம். ஆளாளுக்குக் கூடையில குஞ்சைத் தூக்கிக்கிட்டு எங்க திண்ணைக்கு வந்துட்டாங்க. அப்பத்தா பிடிக்க, நான் சொட்டு விட, ஒரு மணி நேரத்துல 80-க்கு மேல முடிச்சோம்.

கூட்டத்துல அத்தையும் இருந்தாங்க. அவங்க கோழிக்குச் சொட்டு விட்டதும் போகலை. கூடைக்கு அடியில இருந்து முறத்தை எடுத்தாங்க. பத்து முட்டை.

"வாரத்துக்கா அத்தே?"

"ஆமா. ஆனா, போன தடவ பாதின்னேன். இந்தத் தடவ முக்கால்வாசி எனக்கு. கால்தான் ஒனக்கு."

அப்பத்தா திண்ணையில இருந்தே குரல் கொடுத்தாங்க... "உருட்டுறது நானு. அந்தக் காலும் எனக்குத்தான்!"